விற்கப்போகும் வீட்டைத் தயார் செய்வது: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

வீடு பார்க்க வந்தவர் குளியலறைக்குள் எட்டிப் பார்க்கிறார். குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்ய ஒரு வாஷரும் கால் மணி நேரமும் போதும். ஆனால் அவர் மனதில் ஓடுவது வாஷரின் விலையாக இருக்காது. கண்ணெதிரே சொட்டும் குழாயையே கவனிக்காமல் விட்டவர்கள், சுவருக்குள் ஓடும் குழாயை எப்படி வைத்திருப்பார்கள் என்றுதான் யோசிப்பார். அந்த யோசனை, அவர் வாய்திறந்து சொல்லப்போகும் விலையில் வந்து இறங்கும்.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை எடுத்துக்கொண்டு இதை விளக்கினார். பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாத குறைக்கும் சேர்த்து வாங்குபவர் விலையைக் குறைத்தே கேட்பார். அதனால் நல்ல பொருளை வைத்திருப்பவரும் அந்தக் குறைந்த விலையில் மாட்டிக்கொள்வார். 2001இல் அவருக்கும் வேறு இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது இந்த வகை ஆய்வுகளுக்காகத்தான். பழைய வீட்டுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். பூச்சுக்குப் பின்னால் இருக்கும் கம்பியையும் தரைக்கடியில் ஓடும் கழிவுநீர்க் குழாயையும் வாங்குபவரால் பார்க்க முடியாது. பார்க்க முடிந்த சின்னச் சின்னக் குறைகளை வைத்து, பார்க்க முடியாதவற்றை ஊகிக்கிறார்.

எனவே விற்பனைக்கு முன் செய்யும் ஒவ்வொரு செலவுக்கும் ஒரே கேள்வி போதும்: இது வாங்குபவரின் எந்தச் சந்தேகத்தைப் போக்குகிறது? பதில் இல்லாத செலவு பெரும்பாலும் வீண். பதில் தெளிவாக இருக்கும் செலவு பெரும்பாலும் சிறியது.

முதலில் ஒரு நடை

கையில் ஒரு நோட்டுடன் தெருவிலிருந்து தொடங்கி, முதல் முறையாக வருபவர் நடக்கும் வழியிலேயே வீட்டைச் சுற்றிவாருங்கள். வாசற்கதவு, கூடம், அறைகள், சமையலறை, குளியலறை, மாடி, பின்புறம். ஒவ்வொரு கதவையும் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு சுவிட்சையும் போடுங்கள். ஒவ்வொரு குழாயையும் முழுதாகத் திறந்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக்கு அடியில் கையால் தடவிப் பாருங்கள். பல ஆண்டுகள் அங்கேயே குடியிருப்பவருக்குக் கண் பழகிப்போயிருக்கும். அதனால் வீட்டுக்கு அதிகம் வராத ஒருவரையும் கூட்டிப்போவது நல்லது. முடிந்தால் மழை பெய்யும்போதோ பெய்து முடிந்த உடனேயோ இன்னொரு நடை போடுங்கள். வெயில் நாளில் ஒளிந்திருப்பதை மழை காட்டிக்கொடுத்துவிடும்.

எழுதிய பட்டியலை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம்: தண்ணீர், மின்சாரமும் பாதுகாப்பும், விரிசல், தோற்றம். வேலையும் இந்த வரிசையில்தான் நடக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். பெயிண்ட் அடித்து முடித்த பிறகு சுவரை உடைத்துக் குழாயைப் பழுதுபார்ப்பது இதனால்தான் நடக்கிறது.

ஓதம்: வாங்குபவர் அதிகம் அஞ்சுவது

சுவரில் ஈரக்கறை தெரிந்தால் வாங்குபவர் உடனே பின்வாங்குவார். அவர் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்பது எதுவும் அவருக்குத் தெரியாது. கறைமீது பெயிண்ட் அடிப்பது மிக மோசமான தீர்வு. சில வாரங்களில் உப்பியோ உரிந்தோ அது வெளியே வரும். அதற்குள் வாங்குபவர் முன்பணம் கொடுத்திருந்தால், தகராறு வேறு இடத்துக்குப் போகும்.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கறையின் வடிவத்தையும் இடத்தையும் பாருங்கள். தரையை ஒட்டித் தொடங்கி ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை ஒரே மட்டமாக ஏறி, மேல்விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், நிலத்தின் ஈரம் சுவர் வழியே மேலே உறிஞ்சப்படுகிறது. மேல்தள மூலையிலிருந்து கீழிறங்கி, மழைக்குப் பின் பெரிதானால் கூரையிலோ மழைநீர்க் குழாயிலோ ஓட்டை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒரே அளவில் இருந்தால் சுவருக்குள் குழாய் கசிகிறது. அலமாரிக்குப் பின்னால், சன்னல் ஓரங்களில், காற்றோட்டமில்லாத மூலைகளில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை வந்தால், அறைக் காற்றிலுள்ள ஈரமே குளிர்ந்த சுவரில் நீராகப் படிகிறது.

கடைசி இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 45 செ.மீ. சதுரமான தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சந்தேகமான இடத்தில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு முழு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கத்தில் இருந்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. முதலாவதற்குக் கொத்தனாரும் பிளம்பரும் வேண்டும். இரண்டாவதற்குக் காற்றோட்டமும், அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளிவைப்பதும் பல வீடுகளில் போதும்.

குழாய்க் கசிவு எனச் சந்தேகித்தால் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். எல்லாக் குழாய்களையும் மூடி, அளவைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமல் இருந்த பிறகு மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. கழிவறைத் தொட்டி முதல் சந்தேக நபர். தொட்டியில் சில துளி நிறச்சாயம் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது. மாற்றுவது சில நிமிட வேலை.

தட்டையான மொட்டை மாடி என்றால், முதலில் நீர் வெளியேறும் வாயில்களில் சருகும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கசிவுகள் தேங்கிய நீரில்தான் தொடங்குகின்றன. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை அடுத்த பலவீனமான இடம். அங்கே சாய்வாகக் கலவை பூசாமல் நேர்கோணமாக விட்டிருந்தால், வெயிலிலும் மழையிலும் முதலில் விரிவது அதுதான். நீர்ப்புகாப் பூச்சு செய்த பிறகு, வாயில்களை அடைத்து 2 முதல் 3 செ.மீ. உயரத்துக்கு நீர் நிறுத்தி, ஒரு நாள் முழுக்க விட்டு, கீழே உள்தளத்தைப் பார்க்கலாம். அதற்கு மேல் நிறுத்த வேண்டாம். 5 செ.மீ. நீர் என்றாலே ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 50 கிலோ பாரம். பழைய தளத்துக்கு அந்தச் சோதனை தேவையில்லை.

நிலத்து ஈரம் ஏறும் வீடுகளில் வெளிப்புறத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். தோட்ட மண்ணோ பின்னால் போட்ட தளமோ சுவரின் ஈரத்தடுப்பு அடுக்குக்கு மேலே ஏறியிருந்தால், உள்ளே என்ன பூசினாலும் பயனில்லை. வெளிமண் அந்த அடுக்குக்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். மண்ணை வெட்டிச் சரித்து நீரைச் சுவரைவிட்டு விலக்குவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

காரணத்தை நிறுத்திய பிறகு சுவர் காய வேண்டும். கட்டுமானத் துறையில் சொல்லும் தோராயக் கணக்கு, 25 மி.மீ. பருமனுக்கு ஒரு மாதம். ஆழமாக ஊறிய சுவர் சில வாரங்களில் காய்ந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள் போய்விடும், காய்ந்ததும் திரும்ப வரும். உதிரும் பூச்சைக் கறைக்கு மேலே இன்னும் ஓர் அடி உயரம் வரை செதுக்கி எடுத்துவிட்டு, புதிதாகச் சிமெண்டுப் பூச்சுப் பூசுங்கள். சுவரை வழவழப்பாக்கப் பூசும் பட்டியில் ஜிப்சம் சார்ந்த வகையை அந்தப் பகுதியில் தொடவே கூடாது. ஈரம் பட்டால் அது பொதபொதத்துப் பெயர்ந்துவிடும். புதுச் சிமெண்டுப் பூச்சு முற்றிக் காய நான்கு வாரம் ஆகும். அதற்கு முன் பெயிண்ட் அடித்தால், பூச்சிலுள்ள காரம் நிறத்தைத் தின்றுவிடும்.

விரிசல்: எதை மூடலாம், எதைக் காட்ட வேண்டும்

மயிரிழை விரிசல்கள் எல்லா வீட்டிலும் உண்டு. 1 மி.மீ.க்குக் குறைவாக, பூச்சில் மட்டும் சிலந்தி வலைபோல் ஓடுபவை பூச்சு சுருங்கியதால் வந்தவை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வருவதற்குக் காரணம், இரண்டு பொருளும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிவது. இரண்டையும் சரிசெய்யலாம். 5 மி.மீ.க்கு மேல் அகலமானது, சன்னல் மூலையிலிருந்து செங்கல் வரிசையில் படிப்படியாக ஏறுவது, மேலே அகன்று கீழே குறுகுவது, அதே நேரத்தில் பக்கத்துக் கதவு நிலையில் இறுகத் தொடங்கியிருப்பது ஆகியவை அடித்தளம் அசைவதைக் காட்டலாம். பொறியாளரைக் கூப்பிடாமல் இவற்றை மூடுவது தவறு.

விரிசல் வளர்கிறதா என்று அறிய, இரு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விற்பனைக்குச் சில மாதம் முன்பே இதைச் செய்தால், "இத்தனை மாதமாக அசையவில்லை" என்று காட்ட ஆதாரம் கிடைக்கும். அந்த ஒரு பென்சில் கோடு பல வாய்வார்த்தைகளைவிட அதிகம் பேசும்.

மூடும்போது விரிசலின் மேலேயே பட்டியைத் தேய்ப்பது வழக்கமான தவறு. உளியாலோ சுரண்டியாலோ V வடிவில் 5 மி.மீ. ஆழத்துக்கு விரித்து, தூசியை முழுதாகத் துடைத்து, ப்ரைமர் தடவி, வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் நிரப்பியை இரண்டு தடவையாக நிரப்புங்கள். முதல் தடவை சுருங்கிக் காய்ந்த பிறகே இரண்டாவது. தூண், சுவர் இணைப்பில் அதன்மேல் 10 செ.மீ. அகல ஃபைபர் வலையைப் பதித்து மெல்லிய பூச்சுப் பூசினால் அதே கோடு மீண்டும் வருவது பெரிதும் குறையும்.

கான்கிரீட் தளத்தில் அடிப்பகுதி பெயர்ந்து கம்பி தெரிந்தால், அதை நேரடியாகப் பூசி மூடாதீர்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைத் தள்ளியிருக்கிறது. கம்பியின் பின்பக்கம் தெரியும்வரை தளர்ந்த கான்கிரீட்டை எடுத்து, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால் அதுவும் பொறியாளர் பார்க்க வேண்டிய விஷயம்.

குளியலறையும் சமையலறையும்

இந்த இரண்டு அறைகளையும் வாங்குபவர் நெருங்கிப் பார்ப்பார். முழுதாக உடைத்துப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் தொட்டி ஓரம், டைல்ஸ் இடைவெளி போன்ற இணைப்புகளை மட்டும் புதுப்பித்துப் பார்க்கட்டும். அறை பத்து வயது குறைந்ததுபோல் இருக்கும்.

தொட்டியைச் சுற்றிக் கறுத்துப்போன சிலிக்கானை முழுவதும் வெட்டி எடுங்கள். பழையதன்மேல் புதியது ஒட்டாது, மீதி வைத்த இடத்தில்தான் முதலில் பிரியும். ஸ்பிரிட்டால் துடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். குளியல் தொட்டி என்றால், சிலிக்கான் இடும் முன் அதில் நீரை நிரப்பிவையுங்கள். பாரத்தில் தொட்டி சற்றே இறங்கி இடைவெளி விரியும்; அந்த நிலையில் இட்டால்தான் பிறகு ஒருவர் உள்ளே இறங்கும்போது சிலிக்கான் கிழியாது. பூஞ்சைத் தடுப்பு உள்ள சிலிக்கானாகப் பார்த்து வாங்குங்கள். இட்ட ஐந்து நிமிடத்துக்குள் வழித்துச் சமப்படுத்துங்கள். தோல் கட்டிய பிறகு தொட்டால் இழுபடும். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

டைல்ஸ் இடைவெளிகளில் அழுக்கேறிய கிரவுட்டை 2, 3 மி.மீ. ஆழம் சுரண்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். மேலே மெல்லிசாகத் தேய்த்தால் பொருக்காக உதிரும். அமிலம் கலந்த கழுவுதிரவத்தை ஊற்றி வெளுக்க வைப்பது பலருக்கும் பழக்கம். அமிலம் சிமெண்டு கிரவுட்டைக் கரைக்கும். பளிங்கில் பட்டால், வினிகர்கூட மெருகைத் தின்று மங்கல் தழும்பை விட்டுவிடும், அது துடைத்தால் போகாது. டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் அடியில் கலவை பிடிக்கவில்லை. ஒன்றிரண்டு என்றால் கழற்றி ஒட்டலாம்.

நீராவி வெளியேற்றும் மின்விசிறியின் முன் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் இழுக்கிறது. விழுந்தால் இறக்கைகளில் தூசி அடைத்திருக்கிறது அல்லது குழாய் அடைபட்டிருக்கிறது. சமையலறை அடுப்பின் மேல் உள்ள எண்ணெய் வடிகட்டியைச் சூடான நீரிலும் சோடா கலந்த சோப்பிலும் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் பிசுக்கு கழன்றுவரும். அலமாரிக் கதவுகள் நன்றாக இருந்தால் கைப்பிடிகளையும் கீல்களையும் மட்டும் மாற்றுங்கள். புதுக் கைப்பிடியின் துளைகளுக்கிடையிலான தூரம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும் என்பதைக் கடைக்குப் போகும் முன் அளந்துகொள்ளுங்கள்.

மின்சாரத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கருகிய சுவிட்ச், ஆடும் பிளக், சூடாகும் பலகை எதையும் புது மூடி போட்டு மறைக்காதீர்கள். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் சுவிட்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. அவர் சோதித்து எழுதித் தரும் தாளுக்கும் விற்பனையில் மதிப்பு உண்டு.

பெயிண்ட்

குறைந்த செலவில் அதிகம் மாறுவது சுவரின் நிறம்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அதில் முக்கால்வாசி உழைப்பு டப்பாவைத் திறக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். உரியும் பழைய பெயிண்டைச் சுரண்டி, சமையலறைப் பிசுக்கை சோப்பு நீரால் கழுவி, பட்டியை இரண்டு மெல்லிய தடவையாகப் பூசி, காய்ந்ததும் 180 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, ப்ரைமர் அடித்து, பிறகு எமல்ஷன் இரண்டு தடவை. தடவைகளுக்கிடையே நான்கு முதல் ஆறு மணி நேரம். தூசியைத் துடைக்காமல் அடித்த பெயிண்டில் டேப்பை ஒட்டி இழுத்தால் தோல்போல் உரிந்துவரும்.

எவ்வளவு வாங்குவது? 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவு, சன்னலைக் கழித்தால் ஏறக்குறைய 400. சமமான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு தடவைக்கு 110 முதல் 130 சதுர அடி வரும். இரண்டு தடவைக்கு 6 முதல் 7 லிட்டர். எல்லா அறைக்கும் ஒரே நிறம் என்றால் டப்பாக்களைப் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள். தனித்தனியே நிறம் கலந்த டப்பாக்களுக்குள் நூலளவு வேறுபாடு இருக்கலாம், அது சுவரின் நடுவில் கோடாகத் தெரியும்.

நிறத்தில் துணிச்சல் வேண்டாம். வாங்குபவர் தன் சாமான்களை மனதில் அங்கே வைத்துப் பார்க்க வேண்டும். சற்றே மஞ்சளோ சாம்பலோ கலந்த வெள்ளை பெரும்பாலான அறைகளுக்குப் பொருந்தும். இரண்டடிச் சதுர அட்டையில் அடித்து, காலை, மாலை, இரவு விளக்கு மூன்றிலும் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பளபளப்பான பெயிண்ட் சுவரின் மேடுபள்ளத்தை எடுத்துக்காட்டும். பழைய சுவருக்கு மங்கல் வகைதான் ஏற்றது. குளியலறைக்கும் சமையலறைக்கும் மட்டும் துடைக்கக்கூடிய இளம்பளபளப்பு. மேல்தளம் எப்போதும் பளபளப்பில்லாத வெள்ளை.

வெளிச்சம், வாசல், இடம்

ஒரே அறையில் மஞ்சள் பல்பும் நீலவெள்ளைக் குழல்விளக்கும் சேர்ந்து எரிந்தால் சுவர் இரண்டு நிறமாகத் தெரியும். அறைக்கு ஒரே நிறவெப்பநிலை (ஒளி மஞ்சளா வெள்ளையா என்பதைக் குறிக்கும் கெல்வின் எண்) வையுங்கள்: கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000 கெல்வின், சமையலறைக்கும் குளியலறைக்கும் 4000 கெல்வின். வாட்டைப் பார்க்காமல், பல்பு தரும் ஒளியின் அளவான லூமனைப் பாருங்கள். 12 சதுர மீட்டர் அறைக்கு 150 லக்ஸ் (சதுர மீட்டருக்கு 150 லூமன்) வெளிச்சம் என்றால் தரைக்கே 1800 லூமன் வேண்டும். மூடியிலும் சுவரிலும் வீணாவதைச் சேர்த்தால் 2500 அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று 800, 900 லூமன் தருகிறது, ஆக மூன்று. நிறத்தைச் சரியாகக் காட்டும் குறியீடு 90க்கு மேல் இருக்கும் பல்புகளைக் கண்ணாடிக்கு மேலும் சமையல் மேடைக்கு மேலும் போடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பு சன்னல் கண்ணாடியை உள்ளும் புறமும் துடையுங்கள். செலவே இல்லாத வெளிச்சம் அது.

வாசலில் வாங்குபவர் காத்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் அவர் கண்ணெதிரே இருப்பது கதவும் பூட்டும் மணியும்தான். பூட்டு இறுகினால் எண்ணெய் விடாதீர்கள், அது தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். கிராஃபைட் தூள் போதும். கதவு தொங்கி உரசினால் கீலின் திருகைக் கழற்றி, துளையில் பசை தோய்த்த மரக்குச்சிகளைச் செருகி, காய்ந்ததும் வெட்டிச் சமப்படுத்தி மீண்டும் திருகுங்கள். ஈரமான பருவத்தில் மட்டும் கதவு இறுகுமானால் அவசரப்பட்டு இழைக்க வேண்டாம். வறண்ட பருவத்தில் இடைவெளி பெரிதாகிவிடும்.

சாமான்களில் மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றுவது என்ற அளவு நன்றாக வேலை செய்கிறது. அலமாரிகளுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் வருபவர் திறந்து பார்ப்பார். பிதுங்கும் அலமாரி "இந்த வீட்டில் வைக்க இடமில்லை" என்று சொல்லிவிடும். நடக்கும் பாதையில் 90 செ.மீ. இடம் விடுங்கள். முழுதாகக் காலிசெய்த வீடு பெரிதாகத் தெரியும் என்று நினைப்பவர்கள் உண்டு. காலி அறையில் அளவு பிடிபடாது, கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்குமா என்று கணிக்க முடியாது, சுவரின் சின்னக் கீறல்களும் பெரிதாகக் கண்ணில் படும். கட்டில் ஒன்று, மேசை ஒன்று, நாற்காலிகள் இரண்டு இருந்தாலும் போதும்.

மணம்

வீட்டில் குடியிருப்பவரின் மூக்கு அந்த வீட்டு வாசனையை உணராது. தொடர்ந்து வரும் மணத்தைப் புலன் ஒதுக்கிவிடும். சில நாள் வெளியே தங்கிவிட்டுத் திரும்பியதும் கதவைத் திறந்த முதல் சில நொடிகளில் வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள், வருபவர் முகர்வதும் அதைத்தான். நறுமணத் தெளிப்பான் வேண்டாம். எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணத்தை அது விதைக்கும்.

புழங்காத குளியலறையில் நாற்றம் வந்தால் காரணம் பெரும்பாலும் வடிகாலின் வளைவுக் குழாயில் நின்ற நீர் வற்றியதுதான். சாதாரணமாக 50 மி.மீ. அளவு நிற்கும் அந்த நீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. ஒரு வாளி நீர் ஊற்றினால் அன்றைக்கே நாற்றம் நிற்கும். அதன்மேல் சிறிது எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதமாகும். திரைச்சீலை, மெத்தை விரிப்பு, கம்பளம் ஆகியவை பழைய மணத்தைப் பிடித்துவைத்திருக்கும். துவைக்க முடியாததை அகற்றிவிடுங்கள்.

எதில் நிறுத்த வேண்டும்

முழுச் சமையலறையை உங்கள் விருப்பப்படி மாற்றியமைப்பது, விலையுயர்ந்த தரைக்கல், நீச்சல் குளம், அறைகளை இணைத்து ஒன்றாக்குவது எல்லாம் விற்பனைக்கு முன் செய்யத் தகாதவை. செலவு முழுதாகத் திரும்புவது அரிது. வாங்குபவர் அதையே இடித்துவிட்டு வேறு செய்யவும் கூடும். அறை எண்ணிக்கையைக் குறைக்கும் எந்த மாற்றமும் வாங்குபவர்களின் வட்டத்தைச் சுருக்கும். அனுமதி இல்லாமல் கட்டிய கூடுதல் பகுதி அதைவிடப் பெரிய சிக்கல். வங்கிக் கடன் அங்கேயே தடைபடலாம்.

நேரத்துக்கு ஒரு கணக்கு: ஓதம் இருக்கும் வீட்டுக்கு மூன்று, நான்கு மாதமாவது முன்கூட்டித் தொடங்குங்கள், ஊறல் ஆழமென்றால் இன்னும் முன்பே. இல்லாத வீட்டுக்கு எட்டு வாரம் போதும். கூரையும் வெளிநீரும் முதலில், அடுத்துக் குழாயும் மின்சாரமும், பிறகு பூச்சு, மேல்தளப் பெயிண்ட், சுவர், மரவேலை, கடைசியில் தரை. மேலிருந்து கீழே என்ற இந்த வரிசை மாறினால், முடித்த வேலையின்மேல் தூசியும் சொட்டும் விழும்.

புகைப்படம் எல்லாம் முடிந்த பிறகே. கேமராவைத் தரையிலிருந்து 1.2 முதல் 1.4 மீட்டர் உயரத்தில், சாயாமல் நேராகப் பிடியுங்கள். சாய்ந்தால் சுவர்கள் கவிழ்வதுபோல் தெரியும். அறை மூலையிலிருந்து இரண்டு சுவர் வரும்படி எடுங்கள். செல்பேசியின் மிக அகலமான லென்ஸ் அறையை இழுத்துப் பெரிதாக்கும். படத்தில் மயங்கி வருபவர் நேரில் ஏமாந்துபோவார், அந்த ஏமாற்றத்தோடு மற்ற அறைகளையும் பார்ப்பார். சன்னல் வெளுத்து அறை இருண்டு வந்தால், சூரியன் அந்தப் பக்கத்தைவிட்டு நகரும்வரை காத்திருந்து எடுங்கள்.

பார்க்க வரும் நாளில் அரை மணி நேரம் முன்பே சன்னல்களைத் திறந்து காற்றை மாற்றுங்கள், எல்லா விளக்குகளையும் போடுங்கள், வளர்ப்பு விலங்குகளை வெளியே அழைத்துச் செல்லுங்கள். உரிமையாளர் கூடவே நடந்தால் வருபவர் மனம்விட்டுப் பேசமாட்டார்; கேட்டால் பதில் சொல்லும் தூரத்தில் இருந்தால் போதும்.

மேசைமேல் ஒரு கோப்பு இருக்கட்டும். உரிமைப் பத்திர நகல், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், வரி ரசீது, ஓராண்டு மின்சார, தண்ணீர்க் கட்டணச் சீட்டுகள், மோட்டாருக்கும் நீர் சூடேற்றிக்கும் உள்ள உத்தரவாதத் தாள்கள், ஒவ்வொரு பழுதுபார்ப்பின் பில். ஓதம் இருந்து சரிசெய்தீர்கள் என்றால் அதை மறைக்காமல் எழுதுங்கள்: எங்கே இருந்தது, காரணம் என்ன, யார் எப்போது சரிசெய்தார்கள், செதுக்கிய சுவரின் படம், அதற்குப் பின் வந்த மழையில் எப்படி இருந்தது. பல நாடுகளில், தெரிந்த குறையை மறைத்து விற்றால் விற்ற பிறகும் சட்டப் பொறுப்பு தொடரும். சரிசெய்ய முடியாத விரிசல் இருந்தால் பொறியாளரின் அறிக்கையை வையுங்கள். கடைசித் தாளில் ஒவ்வொரு அறையின் பெயிண்ட் பெயரும் நிற எண்ணும். மீதமான அரை லிட்டரை அறையின் பெயர் எழுதி மூடி, மாடிப்படிக்கு அடியில் வைத்திருப்பதாகவும் அதில் குறித்துவிடுங்கள்.